பட் நம்பர் நாற்பத்தேழு

அழகர் மலைக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகிறது.
ரிசர்வ் லைன் ஆயுதக்கிடங்கு வாசலில்
தார்ப்பாய் விரித்துப் பதினோரு பேர்
சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.
பத்து மணி வெயிலுக்கே
தகரக்கூரை சொடக்கு எடுக்கிறது.

மேகசினைக் கழற்று.
போல்ட்டை இழுத்துப் பூட்டு.
உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும்
சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்.
இல்லாததை இரண்டு தடவை உறுதி செய்ய வேண்டும்.
மற்றதெல்லாம் அப்புறம்.

என்னுடையது பட் நம்பர் நாற்பத்தேழு.
எதிர்சேவை ராத்திரி முழுக்க
உண்டியல் வண்டிக்குப் பின்னால் என்னோடு நடந்தது.
தல்லாகுளத்தில் சாமிக்கென்று பீய்ச்சிய தோப்பறைத் தண்ணீர்
சாமிக்கு எட்டாமல்
எங்கள் இருவர் மேலும் விழுந்தது.
நெற்றியில் சூடம் கரிந்த ஓர் அக்கா
செம்புச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்தாள்,
"தின்னு தாயி, எப்பச் சாப்பிட்டியோ."
சாமி சர்க்கரையை இடது கையில் வாங்கலாமா?
துப்பாக்கியைக் கை மாற்றினேன்.
வலது கையில் வாங்கி, நக்கி,
பிசுபிசுப்போடு மறுபடி பிடித்துக்கொண்டேன்.

ஆகவே, இன்றைக்கு எறும்பு.

சகாயராணி ஏட்டம்மா குனிந்து பார்க்கிறார்.
"ஏன்டி ஒச்சம்மா, மெமோல என்னன்னு எழுத?
அரசாங்கச் சொத்துக்குச் சீனி ஊட்டுனான்னா?"
பதினோரு பேரும் சிரிக்கிறோம்.
தட்டி உதறுகிறேன். மரப்பிடி இடுக்கிலிருந்து
வரிசை கலையாமல் இறங்குகின்றன,
எங்களைவிட நல்ல பரேடு.

கொக்கியை அமுக்கினால் இடுப்பில் மடங்கும்.
எலிவாலைப் பிடித்து இழுத்தால்
பிரீச் பிளாக் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும்,
கனத்தில் ஒரு கைக்குழந்தையின் தொடை.
கேஸ் பிளக்கை அழுத்திக் கால்வட்டம் திருப்பு.
பிஸ்டன். அதைச் சுற்றி ஸ்பிரிங்.
இந்த ரெண்டுக்கும் எண்ணெய் காட்டாதே.
எண்ணெய் பட்டால் கரி அப்பும்,
கரி அப்பினால் அடுத்த குண்டு ஏறாது,
ஏறாத குண்டுக்கு
நான் விளக்கம் எழுத வேண்டும்.

ஏறிய குண்டுக்கு யார் எழுதினார்கள் என்று
கையெழுத்துப் போடும்போது பார்த்தேன்.
பழைய பதிவேடு, நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம்.
நாற்பத்தேழு. செலவு: இரண்டு.
காரணம்: உத்தரவு.
இடம் என்ற கட்டத்தில் யாரோ எண்ணெய் விரல் வைத்திருக்கிறார்கள்.
தாள் கண்ணாடியாகி
பின்பக்கத்து எழுத்துதான் தெரிகிறது:
ஃபிளானல் துணி, நாலு முழம், பெறப்பட்டது.
ஏட்டம்மாவிடம் கேட்கவில்லை.
அவரும்தான் தினமும் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்.

புல்த்ரூ கயிற்றில் துணியைக் கோத்தாயிற்று.
இழுக்கத் தொடங்கினால் நடுவில் நிற்கக் கூடாது.
நின்றால் துணி மாட்டிக்கொள்ளும்.
அதற்கு முன் ஒருதரம்
பிட்டத்துப் பக்கமிருந்து பேரலுக்குள் பார்க்கிறேன்.
ஆறு வரிகள் முறுக்கிக்கொண்டு போகின்றன
காலணா அளவு வெளிச்சத்துக்கு.
அந்த வட்டத்தில் குவார்ட்டர்ஸ் கொடி,
கொடியில் என் காக்கி பேன்ட்,
அதற்கும் எனக்கும் நடுவில்
ஓர் எறும்பு.

வரியை விட்டு விலகாமல் போகிறது,
குண்டு சுழன்று போகும் அதே பாதையில்,
மெதுவாக,
இடையிடையே நின்று மீசையைத் துடைத்துக்கொண்டு.
கயிற்றின் பித்தளைக் குண்டு என் கையில் சூடாகிறது.
பக்கத்தில் மகுடீஸ்வரி பூட்டியே முடித்துவிட்டாள்,
டக், டக்.
ஏழெட்டுப் பேர் எழுந்து
டீக்குப் போகிறார்கள்.

வாய் வரைக்கும் போய்விட்டது.
விளிம்பில் நின்று தலையை வெளியே நீட்டுகிறது.
வெயில் சுட்டதோ, எண்ணெய் வாடையோ,
திரும்பி மறுபடி
என்னைப் பார்த்து நடக்கிறது.

"முடிஞ்சுதா ஒச்சம்மா? கிடங்கு பூட்டணும்."

இல்லைங்க மேடம்.
உள்ள ஒண்ணு இருக்கு.